சாக்கு போட்டு மூடிய பெட்டி

தமிழரசிக்குத் திருவிடந்தைப் பக்கம் ஒரு குப்பம். எனக்கு மதுராந்தகம். இரண்டு பேருக்கும் வேலை செங்கல்பட்டில், பேக்கரி மாடியில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். அவள் வந்து சேர்ந்தபோது எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள். பதில் தெரியாத மேலாளனுக்கு அது எப்படிப் பிடிக்கும்?

நாற்பது மீன்பிடிப் படகுகளில், வெயிலில் சார்ஜ் ஆகும் சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தோம். படகு நிற்கும் இடத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது குறித்துக்கொள்ளும். டவர் கிடைத்தால் உடனே அனுப்பும். கிடைக்காவிட்டால் சேர்த்துவைத்து, கிடைத்ததும் பழையதிலிருந்து வரிசையாக அனுப்பும். எல்லாம் கிளவுடில், வந்த வரிசையிலேயே குறிப்புகள் சேரும் ஒரு ஸ்ட்ரீமில் போய் விழும். அது எதையும் ஒரே ஒரு நாள்தான் வைத்திருக்கும், பிறகு தானே அழித்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்றை வைத்து அந்த ஸ்ட்ரீமைப் படித்து, குப்பத்து மீன் ஏலக்கூடத்து டிவியில் புள்ளிகளாகக் காட்டும் புரோகிராமை எழுதியவள் தமிழரசி.

அதில் ஒரு வரி மட்டும் என் உபயம். பத்து நிமிடத்துக்கு மேல் பழைய குறிப்பு வந்தால் தள்ளிவிட வேண்டும் என்ற வரி. முதன்முதலில் ஊர்க்காரர்களுக்குக் காட்டிய அன்று புள்ளிகள் பின்னோக்கிக் குதித்து என் மானத்தை வாங்கின. அதனால் போடச் சொன்னேன்.

"லேட்டா வர்றதும் நெசந்தானே, அத்த ஏன் தூக்கிப் போடணும்?" என்றாள். சொன்னதைச் செய் என்றேன்.

கார்த்திகையில் ஒரு திங்கள்கிழமை விடியலில் அவள் அப்பா சடையனும் தம்பி வசந்தும் கடலுக்குப் போனார்கள். மதியம் திரும்ப வேண்டியவர்கள் செவ்வாய் காலை வரை வரவில்லை. டிவியில் அவர்கள் படகின் கடைசிப் புள்ளி திங்கள் காலை ஐந்தேமுக்காலுக்கு, கரைக்குக் கொஞ்சம் கிழக்கே இருந்தது. அந்தப் புள்ளியை நம்பிப் பன்னிரண்டு படகுகள் நேர் கிழக்கே தேடிக்கொண்டிருந்தன.

அவளோ மதியம் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தாள். இவளுக்கு என்ன கல் நெஞ்சா என்று நினைத்தேன். அதை எழுத இப்போது கூசுகிறது. குப்பத்தில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அவள் ஒருத்திதான் வேறு எங்கே தேடலாம் என்று பார்க்க வந்திருந்தாள்.

அவள் அம்மா சொர்ணத்திடமிருந்து போன் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பொட்டி மேல சாக்கு போட்டு மூடிடுவாரும்மா உங்க நைனா. நம்ம பாரு ஒருத்தனுக்கும் தெரியக்கூடாதுன்னு. யாராண்டயும் சொல்லிடாத."

பாரு என்றால் மீன் கூடும் கடலடிப் பாறை. பெண்ணைக் கட்டிய மருமகனுக்குக்கூட அதைக் காட்ட மாட்டார்கள். மூடிவிட்டால் பெட்டிக்குக் கண் தெரியாது என்பது சடையனின் கணக்கு. உண்மையில் சாக்கு வெயிலைத்தான் மறைத்தது. பெட்டி உள்ளே இருந்தபடி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாருப் பக்கம் டவர் கிடையாது. அங்கே எடுத்த குறிப்புகள் எப்போதும் தாமதமாக வரும், என் வரி அவற்றைத் தள்ளிவிடும். டிவியில் பாரு தெரியாததைப் பார்த்து, சாக்குதான் காப்பாற்றுகிறது என்று அவர் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையை வளர்த்தவன் நான்.

எனக்கு இது விளங்குவதற்குள் அவள் புதிதாகப் பத்து வரி எழுதிவிட்டாள். ஸ்ட்ரீமை இப்போதிலிருந்து படிக்காமல், இருப்பதிலேயே பழையதிலிருந்து படிக்கச் சொன்னாள். என் வரி அதில் இல்லை. மணி ஒன்று பத்து. நேற்று ஒன்று பத்துக்கு முன் வந்ததெல்லாம் அழிந்திருக்கும். நிமிடத்துக்கு ஒரு நிமிடம் அழிந்துகொண்டும் இருந்தது. நாற்பது படகுகளின் எண்கள் திரையில் ஓடின.

சடையனின் படகு எண் பதினேழு, அது திரையில் வந்தது. தெற்கே ஏதோ ஒரு டவரை உரசிப் போனபோது பெட்டி அனுப்பியிருக்கிறது. வந்து சேர்ந்த நேரம் திங்கள் மதியம் ஒன்று இருபத்தாறு. நாங்கள் இன்னும் பதினாறு நிமிடம் தாமதித்திருந்தால் அதுவும் போயிருக்கும். பழையதிலிருந்து காலை பதினொரு மணி வரைக்குமான நூற்று அறுபது குறிப்புகள் வந்திருந்தன. மிச்சத்தை அனுப்புவதற்குள் வெயில் காணாத பேட்டரி செத்துவிட்டது.

முதலில் படகு ஓர் இடத்தில் வெகுநேரம் நின்றிருந்தது. ஒன்பது இருபதுக்குப் பிறகு இஞ்சின் வேகம் இல்லாமல், நீரோட்டத்தோடு தெற்கே மெல்ல நகர்ந்திருந்தது. தேடும் படகுகளுக்கு உடனே அனுப்பு என்று கத்தினேன். அவள் அனுப்பவில்லை. பாருவைக் காட்டும் முன்பக்கக் குறிப்புகளை வெட்டி எடுத்துவிட்டு, கடைசி ஐம்பத்து மூன்றை மட்டும் அனுப்பினாள்.

"தேடறதுக்கு இது போதும். மத்தது நைனாவுது," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆலம்பரைக்குக் கிழக்கே வெகு தூரத்தில் படகைக் கண்டுபிடித்தார்கள். ஐஸ் பெட்டியில் உருகிய தண்ணீரைக் குடித்து அப்பனும் மகனும் உயிரோடு இருந்தார்கள். நான் பேக்கரி வாசலில் நின்று அழுதேன். பன் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

மூன்று நாள் கழித்து, மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் சடையன் மகளைக் கேட்டார்.

"பாரக் காட்டிக் குட்த்துட்டியா?"

"இல்ல நைனா. இஞ்சின் நின்னதுக்கு அப்பறம் கீறத மட்டுந்தான் அனுப்பனேன். மிச்சம் அழிஞ்சி போச்சு."

அவர் என்னைப் பார்த்தார். என் வரியைப் பற்றிச் சொன்னேன், அதை எடுத்துவிட்டோம் என்றும் சொன்னேன். இனி தாமதமாக வருவதும் தனியாகச் சேரும் என்று தமிழரசி விளக்கினாள். டிவியில் அது தெரியாது, படகு திரும்பாத நாளில் அந்த வீட்டார் கேட்டால் மட்டும் திறப்போம் என்றாள். படகிலிருந்து கழற்றி வந்த பெட்டி மூலையில் கிடந்தது, அதன் மேல் அந்தச் சாக்கும் கிடந்தது.

சடையன் எழுந்து போய்ச் சாக்கை எடுத்து உதறி மடித்தார். பிறகு மகளைக் கேட்டார்.

"இத்த எம்மா நேரம் வெயில்ல வெக்கணும்?"