எலுமிச்சம்பழத்துக்கு ஒரு தட்டு

மந்தைவெளியில் அல்போன்சாவின் கடைக்கு முதல்முறை வருகிறவர்கள் வண்டியிலிருந்து இறங்காமலே கேட்பார்கள்: "மெக்கானிக் எப்ப வருவாரு?"

கையிலிருக்கும் டெஸ்டரை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் சொல்லுவாள்: "வந்து இருபத்தோரு வருஷம் ஆச்சு. வண்டிக்கு என்னன்னு சொல்லுங்க."

அம்மா கணக்கு டீச்சர், அத்தைகள் இரண்டு பேரும் டீச்சர். அல்போன்சாவும் டீச்சர்தான் என்று வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது. அந்த முடிவைக் கெடுத்தது ஒரு டிசம்பர் மாதம். சாந்தோமில் அவர்கள் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போட்டிருந்த சீரியல் விளக்கு மொத்தமாக அணைந்துபோனது. ஆளாளுக்கு ஒரு முனையிலிருந்து பல்பு பல்பாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு மீட்டரைக் கடன் வாங்கி வந்து, முதலில் சரத்தின் பாதியைச் சோதித்தாள். அது நன்றாக இருந்ததால் மறுபாதியில் பாதி. பிறகு அதில் பாதி. ஏழாவது தடவையில் கெட்ட பல்பு கையில் இருந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் எந்தப் பரீட்சை முடிவிலும் அவளுக்கு வந்ததில்லை.

அப்புறம் புதுப்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடை கவுன்டரில் ஐந்து வருஷம். கடைக்கு வரும் கார்களின் வயரிங் படங்களைக் கோடுபோடாத நோட்டில் கலர் பென்சிலால் திரும்ப வரைந்து வரைந்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். புரியாத இடத்தில் சிவப்பு வட்டம் போடுவாள். வட்டம் அழிகிற வரைக்கும் பக்கத்தைத் திருப்ப மாட்டாள்.

அவளிடம் வண்டியை விட்டால் பானட் உடனே திறக்காது. முதலில் மூன்று கேள்விகள். தொந்தரவு எப்போது வருகிறது? எப்போது வருவதில்லை? அது ஆரம்பிப்பதற்கு முன்னால் வண்டியில் என்ன செய்தீர்கள்? பெரும்பாலானவர்களுக்கு முதல் கேள்விக்கு மட்டுமே பதில் தெரியும். அவளுக்கு வேண்டியதோ இரண்டாவது. காலையில் ஸ்டார்ட் ஆகாத எஸ்யூவிக்குப் புது பேட்டரி வாங்கிக்கொண்டே வந்து நிற்பார்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, நட்டை இறுக்கி, புதுப் பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்புவாள். ஹெட்லைட் மங்கினால் மற்றவர்கள் பல்பை மாற்றுவார்கள். அவளோ வண்டியின் பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் வயரைக் கழற்றித் துருவைச் சுரண்டுவாள். ஒரு சாமான் கெட்டது என்று நிரூபிக்காமல் அதை மாற்றுவது அவளுக்குப் பொய் சொல்வது மாதிரி.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வருகிற வண்டிகளில் பாதிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரம் தொங்கும். மற்ற கடைகளில் அதைப் பிய்த்துத் தரையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அல்போன்சாவுக்கு மனசு வராது. தன் கடையில் அந்தோணியார் படத்துக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தட்டைத் துடைத்து வைத்திருக்கிறாள். சரத்தைப் பக்குவமாக அவிழ்த்துத் தட்டில் வைப்பாள். வேலை முடிந்ததும் எங்கே, எப்படிக் கட்டியிருந்ததோ அங்கே அப்படியே கட்டிக் கொடுப்பாள். அடுத்தவர் நம்பிக்கை தரையில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். இருபத்தோரு வருஷத்தில் அந்தத் தட்டு அவளுக்கு நல்ல பெயரைத் தவிர வேறெதையும் கொடுத்ததில்லை, தேவானையின் வண்டி வருகிற வரைக்கும்.

தேவானை அடையாற்றங்கரைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். கரையைக் காலி செய்தபோது குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்குப் போனவள். ஏழு பேர் உட்காரும் பழைய எஸ்யூவி ஒன்றை வாங்கி, இரண்டு வருஷமாகச் செல்போனில் வருகிற சவாரிகளை ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பெருங்குடியில் ஒரு ஐடி அலுவலகம், மாலை ஷிப்ட் பெண்களை அழைத்துப்போக பெண் டிரைவர் வேண்டும் என்று கேட்டிருந்தது. நிரந்தர ஓட்டம். அவள் வீட்டிலிருந்து அரை மணி தூரம். ஒரே ஒரு தடை, வண்டியின் ஏசி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று வெறும் காற்றாகிவிடும். அலுவலகத்தின் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் சுரேஷ்குமார், கையில் தெர்மாமீட்டரோடு பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர். ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடைசி வாய்ப்பு. அதிலும் தவறினால் அந்த ஓட்டம் வேறொருத்திக்கு.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, கத்திரி வெயில் கொளுத்தும்போது, தேவானை மூன்றாம் முறையாக அல்போன்சாவின் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"இன்னாக்கா இது, ரோதனையா கீது! நீ சரி பண்ணி அனுப்பிச்ச மறுநாளே புட்டுக்குது. போன தபா அந்த ஆளு பின்னாடி குந்திக்கினு கர்ச்சீப்பால வெசிறிக்கினு வந்தாரு. எனக்கு மானம் போச்சு."

பக்கத்துக் கடை ஆசிஃப் பாய் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஏசிக்கு கேஸ் நிரப்புகிறவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் கேஸ் போதவில்லை என்றே அவருக்குத் தோன்றும்.

"அல்போன்சாம்மா, நான் அன்னிக்கே சொன்னேன். கம்ப்ரஸர் அவுட். மாத்திட்டு ஆளை அனுப்புவியா, இன்னும் பரீட்சை வச்சிக்கினே இருப்பியா?"

"பாய், உங்க கேஜை நீங்களே மாட்டிப் பார்த்தீங்க. பிரஷர் எப்படி இருந்துச்சு?"

"ஷோக்கா இருந்துச்சு."

"அப்ப கம்ப்ரஸர் எப்படி அவுட்டு?"

"அதுக்கு மூடு சரியில்ல போல. நம்ம வூட்டுக்காரம்மா மாதிரி" என்று சொல்லிவிட்டு ஆசிஃப் பாய் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

அல்போன்சா நோட்டைத் திறந்தாள். போன இரண்டு முறையும் எழுதியது இருந்தது. ஃபியூஸ் சரி, ரிலே சரி, கேஸ் சரி, ஃபேன் சரி. ஒரு மணி நேரம் நிறுத்தி ஓடவிட்டாள், ஐஸ் மாதிரி காற்று. இரண்டு முறையும் தொந்தரவு அவள் கண்ணில் படவே இல்லை. அவளிடம் இருந்த ஸ்கேனரோ என்ஜினைப் பற்றி மட்டும் பேசும், ஏசியைப் பற்றி வாயே திறக்காது.

"எப்ப வர்றதில்ல, தேவானை?"

"உன் கடையில வர்றதில்ல! இங்க வந்தா மட்டும் நல்ல புள்ளையாயிடுது."

தேவானை கிண்டலாகத்தான் சொன்னாள். அல்போன்சா அதை நோட்டில் எழுதினாள். பிறகு அதன்மேல் சிவப்பு வட்டம் போட்டாள்.

"இன்னிக்கு நான் பானட்டைத் தொடப் போறதில்ல. தட்டும் வேணாம், ஸ்பேனரும் வேணாம். இப்படியே வண்டியை எடு. எங்க புட்டுக்குதோ அங்க போலாம்."

"மணி ரெண்டாவப் போவுதுக்கா!"

"அதான் சொல்றேன், எடு. இங்கேந்து நேரா பெருங்குடிக்கு." தோளில் சாமான் பையை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த தெருக்களில் வண்டி ஒரு மணி நேரம் நடந்தே போனது. ஏசி குளுகுளுவென்று வீசியது. "பார்த்தியா, நீ ஏறிக்கினா வேலை செய்யுது. நீயே டெய்லி என்கூட குந்திக்கோ" என்றாள் தேவானை. கிரீன்வேஸ் சாலையிலும் அப்படியே. அடையாறு பாலத்தில் ஏறியதும் சாலை காலியாகக் கிடந்தது. தேவானை ஆசையாக மிதித்தாள். முள் ஐம்பதைத் தாண்டியது. பாலத்தின் நடுவில், யாரோ அடுப்பைத் திறந்த மாதிரி, முகத்தில் வெதுவெதுவென்று காற்று அடித்தது.

"போச்சுக்கா! போச்சு!"

"நல்லது. வேகத்தைக் குறைக்காத" என்றாள் அல்போன்சா. அவள் குரலில் இருந்த உற்சாகம் தேவானைக்கு எரிச்சலாக இருந்தது.

அல்போன்சா எதையும் தொடாமல் வண்டியைப் பார்த்தாள். ஏசி பொத்தானில் விளக்கு எரிகிறது. ஃபேன் ஓடுகிறது. கம்ப்ரஸர் சேரும்போது கேட்கும் 'டக்' மட்டும் இல்லை. வண்டி வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறது. ஏன்?

"மீட்டருக்கு நடுவுல அந்தக் குட்டி ஸ்கிரீன்ல என்ன காட்டுது?"

"கிலோமீட்டர், நாப்பது டிகிரி."

"நாப்பதா?"

"அது எப்பவும் நாப்பதுதான்க்கா காட்டுது. கத்திரி வெயில் ஆச்சே, இன்னா காட்டும்?"

அல்போன்சா எட்டிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மடை திறந்ததுபோல் சிரிப்பு வந்தது.

"தேவானை, நாப்பதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கோடு இருக்கு பாரு."

"தூசுன்னு நெனச்சேன். இன்னா அது?"

"மைனஸ். வெளியே பனி கொட்டுதுன்னு உன் வண்டி நினைச்சிக்கினு இருக்கு. பனியில ஏசி எதுக்குன்னு அதுவே கம்ப்ரஸரை நிறுத்திடுது. ஓரமா நிறுத்து."

பாலம் இறங்கி ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினார்கள். வெளியே எவ்வளவு சூடு என்று வண்டிக்குச் சொல்வது முன்னால் கிரில்லுக்குப் பின்னே இருக்கும் கடுகளவு சென்சார். அதன் வயர் அறுந்தால் வண்டிக்குக் கிடைக்கும் கணக்கு, மைனஸ் நாற்பது. இவ்வளவும் அல்போன்சாவின் நோட்டில் பச்சைப் பென்சிலில் இருந்தது. வயர் ஏன் அறுந்தது என்பது மட்டும் இல்லை. அதற்காகக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கிரில்லில் மூன்று எலுமிச்சைச் சரங்கள் தொங்கின. நூலில் கோத்தவை அல்ல, எல்லாமே மெல்லிய இரும்புக் கம்பி. கம்பி கிரில் சட்டத்தைச் சுற்றி உள்ளே போய், பின்னாலிருந்த வயரையும் சேர்த்து வளைத்திருந்தது. முனையில் அழகாக, நெருக்கமாக, நாலு முறுக்கு. அந்த முறுக்கு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பிளையரால் அப்படி முறுக்க மந்தைவெளியில் வேறு ஆள் கிடையாது.

"தேவானை, முதல் சரம் எப்ப கட்டினே?"

"தை அமாவாசைக்கு. அப்பாலதான் ஏசி மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. கண்ணு பட்டுடுச்சுன்னு இன்னொண்ணு கட்டுனேன். அப்பவும் அடங்கலே. போன வாரம் மூணாவது." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "அக்கா... நானேவா?"

"நீ பாதி, நான் பாதி. நீ லூசாதான் கட்டியிருந்தே. வண்டி என்கிட்ட வரும்போதெல்லாம் முதல் வேலையா இதை அவிழ்த்துத் தட்டுல வச்சேன். கம்பி இழுக்கலேன்னா அறுந்த வயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஏசி ஓடும். வேலை முடிஞ்சதும் பிளையர் போட்டு இறுக்கி அனுப்பினேன். வேகமா போனா காத்துல பழம் ஆடும், கம்பி இழுக்கும், வயர் விட்டுடும். உன் ஏசியை ரெண்டு தடவை ஒழுங்கா கெடுத்து அனுப்பினது நான்தான்."

அவள் முகம் சிவந்திருந்தது. தேவானை ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு பம்பரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"உன்கிட்ட வர்றதுக்கு முந்தி மூணு கடையில காட்னேன். பழத்தைப் பிய்ச்சுப் போட்டவன்லாம் தப்பிச்சுக்கினான், நான்தான் திரும்பத் திரும்பக் கட்டிக்கினேன். மரியாதை குடுத்த நீ மாட்டிக்கினே!"

"சிரிச்சது போதும். மணி என்ன?"

"மூணே கால்."

அல்போன்சா முதல் காரியமாகச் சரங்களை அவிழ்த்தாள். தட்டு இல்லை. தேவானை தன் துப்பட்டாவை விரித்துப் பிடித்தாள். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுக் கிளம்பினால் ஐந்து நிமிஷ வேலை. தேவானையும் அதையே கேட்டாள்.

"டேப் இன்னிக்கு நாலு மணிக்கு நிக்கும். ஐப்பசி மழையில நிக்காது" என்றாள் அல்போன்சா. கிரில் இடுக்கில் கையை விட்டு, வயரின் இரு முனைகளையும் வெளியே இழுத்து, நைந்த பகுதியை வெட்டி, புதுத் துண்டு வைத்து இணைத்து, மேலே ரப்பர் மாதிரி குழலை நகர்த்தினாள். குழல் சுருங்கிப் பிடிக்கச் சூடு வேண்டும். பையில் லைட்டர் இல்லை.

"தீப்பெட்டி கீது! கற்பூரத்துக்கு வச்சிருந்தேன்" என்று தேவானை டாஷ்போர்டுக்கு ஓடினாள்.

மூன்று குச்சிகள் காற்றில் அணைந்தன. நான்காவதைத் தேவானை இரு கைகளாலும் பொத்திக் காப்பாற்றினாள். குழல் சுருங்கி வயரோடு ஒட்டிக்கொண்டது. சாவியைத் திருப்பினார்கள். நாற்பத்தொன்று. முன்னால் கோடு இல்லை.

மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பெருங்குடியில் அலுவலக வாசலில் சுரேஷ்குமார் பின்சீட்டில் ஏறினார். தெர்மாமீட்டரை மடியில் வைத்துக்கொண்டார். இந்தமுறை கர்ச்சீப்பை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்திருந்தார். தேவானை ஓ.எம்.ஆரில் அறுபதில் விட்டாள். அல்போன்சா குட்டி ஸ்கிரீனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா... கொஞ்சம் குறைக்க முடியுமா? காது ஜில்லுங்குது."

"முடியும் சார்" என்றாள் தேவானை. ஆனால் உடனே குறைக்கவில்லை. இன்னும் ஒரு அரை கிலோமீட்டர் அவரை நடுங்கவிட்டாள்.

திரும்பி வந்து இறங்கியதும் அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். முன்சீட்டைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார்.

"எங்க மெக்கானிக் சார்."

அவர் 'பொம்பளை மெக்கானிக்கா?' என்று கேட்க வாயெடுத்து, எதையோ நினைத்து மூடிக்கொண்டார். "திங்கக்கிழமை சாயந்தரத்திலேர்ந்து வந்துடுங்க" என்றார்.

தட்டு இன்னும் அந்தோணியார் படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் அல்போன்சா இப்போது எந்த வண்டியையும் வந்த கோலத்திலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் சரத்தை அவிழ்க்கிறாள். கேள்விகளும் மூன்றல்ல, நான்கு. "முன்னால என்ன கட்டியிருக்கீங்க, எதுல கட்டியிருக்கீங்க?" ஆசிஃப் பாய் இதைக் கேட்டு, "கம்ப்ரஸரைக் கேக்குறதை வுட்டுட்டு எலுமிச்சம்பழத்தை விசாரிக்குது பாரு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த அமாவாசைக்குத் தேவானை வண்டியோடு வந்தாள். கையில் ஒரே ஒரு சரம், கறுப்புப் பருத்தி நூலில் கோத்தது.

"நீயே கட்டுக்கா. உன் கையால கட்டுனாதான் எனக்குத் திருப்தி."

அல்போன்சா முன்னால் வண்டி இழுக்கும் கொக்கியைத் தேர்ந்தெடுத்தாள். அதைச் சுற்றிலும் விரலால் தடவி, பின்னால் ஒரு வயரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு அவளுக்குத் திருப்தியாக இல்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"அக்கா," என்றாள் தேவானை, "பிளையரை உள்ள வை."