மாப்பிள்ளை கிடைக்காத தேனீ

மணப்பெண்களின் ஈரக் கூந்தலை உலர்த்த என் ஸ்டூடியோவில் வைத்திருந்த டிரையரை மேடம் ஒரு தேனீக்குப் பிடித்த அந்தக் காலைநேரம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய, கறுத்த தேனீ. உயிர் போனபின் ஊசியில் குத்திக் கொண்டுவந்திருந்தார். சோப்புத் தண்ணீரில் அலசியதில் மயிரெல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இளஞ்சூட்டுக் காற்று பட்டதும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. "பொண்ணு ரெடி சார்" என்றார். திண்டிவனத்தில் இத்தனை வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன், இப்படி ஒரு பொண்ணை என் கேமரா முன்னால் யாரும் கொண்டுவந்து நிறுத்தியதில்லை.

மேடம் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் என்னிடம் இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் வந்தார். அவ்வளவு கிட்டத்தில் போனால் ஒரு படத்தில் கண் மட்டும் தெளிவாக விழும், அடுத்ததில் நெற்றி மட்டும். கேமராவை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளைக் கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்க்க வேண்டும். குரூப் போட்டோவில் கண்ணை மூடிவிட்ட சித்தப்பாவுக்கு வேறு படத்திலிருந்து தலை எடுத்து வைக்கிற வேலைதான் என்றேன். வெகுநேரம் சிரித்தார். ஆனால் இறக்கை நரம்புகள் திரை முழுக்க விரிந்தபோது சிரிப்பு நின்று, நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த எந்த இனத்தோடும் அது பொருந்தவில்லை.

படங்களைப் பார்த்த வெளியூர் நிபுணரும் புதிய இனமாகத்தான் தோன்றுகிறது என்றார். ஆனால் ஒற்றைப் பெண்ணை வைத்துப் பெயர் சூட்ட முடியாதாம். ஆண் வேண்டும், அதன் வயிற்று நுனியில் உள்ள உறுப்பைப் பார்த்தால்தான் உறுதி சொல்ல முடியும். "மாப்பிள்ளை தேடணும் சார்" என்று மேடம் கிளம்பினார். ஒலக்கூர்ப் பக்கம் எள் விதைத்த ஒரு கொல்லையின் மேட்டு வரப்பில்தான் பெண் கிடைத்திருந்தது. கூட்டமாக வாழாமல், மண்ணில் தனித்தனியாக வளை தோண்டிக் குடியிருக்கும் வகை. எள் பூக்கிற கொஞ்ச நாள்தான் வெளியே வரும். முதல் வருஷம் கோடை மழை முந்திக்கொண்டது. வளைகளில் தண்ணீர் நின்றது. கிளியனூர் வரைக்கும் வரப்பு வரப்பாகத் தேடியும் அது வேறெங்கும் இல்லை.

அடுத்த வருஷம் எள் பூக்குமுன்பே நானும் மேடமுமாகப் போனோம். கொல்லையில் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது.

"வித்துட்டேங்கம்மா" என்றார் நிலக்காரர். "போர்ல தண்ணி இல்ல, இன்னா பண்றது? பிளாட் போடறாங்க. நேத்திலேர்ந்து தள்ளிக்கினு கீறான்."

வரப்பு இருந்த இடத்தில் மண்குவியல் கிடந்தது. மேடம் அதன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து கட்டிகளைக் கையால் உடைக்க ஆரம்பித்தார். "ஒரு ஈக்கா சார் இம்மாம் பேஜாரு?" என்று என்னிடம் கேட்ட நிலக்காரர், கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்து உடைத்தார்.

ஒரு கட்டிக்குள் சின்ன அறை. அதில் பால்வெள்ளையாக ஒரு கூட்டுப்புழு. தேனீயின் உருவம் வந்திருந்தது, நிறம் வரவில்லை. மேடம் லென்ஸை வைத்து அதன் உணர்கொம்பின் கணுக்களை எண்ணினார். பெண்ணைவிட ஆணுக்கு ஒரு கணு அதிகம். "மாப்பிள்ளை சார்" என்று லென்ஸை என்னிடம் நீட்டினார்.

அது முழுதாக வளர்ந்து உறுப்பு இறுகினால்தான் சாட்சிக்கு ஆகும். ஈரப் பஞ்சு போட்ட டப்பாவில் என் ஸ்டூடியோவிலேயே வைத்தோம். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டுக்காரர்கள் மாதிரி போனில் விசாரித்துக்கொண்டோம். கண் கறுத்தது. அதற்கு மேல் எதுவும் கறுக்கவில்லை. ஒருநாள் காலை திறந்தபோது அதன்மேல் பூசணம் பூத்திருந்தது.

மேடம் பஸ் பிடித்து வந்து பார்த்தார். "அப்படியே எடுத்துடுங்க சார்" என்றார். எடுத்தேன். நான் எடுத்ததிலேயே தெளிவான படம் அதுதான். பூசணத்தின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. அதில் எனக்குப் பெருமை இல்லை, வயிற்றெரிச்சல்தான். அந்தக் கொல்லையில் இப்போது வரிசையாக எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். மேடமும் அதற்குப் பிறகு எந்தத் தேனீயையும் கொண்டுவரவில்லை.

பூசணத்தைப் படம் எடுத்த அன்றைக்கு, அதைச் சேமிக்கப் போனபோது கம்ப்யூட்டர் பெயர் கேட்டது.

"இன்னா பேர் போடட்டும் மேடம்?" என்றேன்.

அவர் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பேர்தான் இல்லையே சார்."