கரையில் கட்டிய லாஞ்சில் சேசடிமை அண்ணன்

சேசடிமை அண்ணன் இறந்த செய்தி, நான் மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து அவருடைய மகள் பேசினாள். "அப்பா நேத்து தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். உங்க நம்பர மருந்துச் சீட்டுக்குப் பின்னால எழுதி வச்சிருந்தாங்க." அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன், சொன்னாள். வளைகுடாவில், அஜ்மான் துறைமுகத்தில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவரை முதலில் பார்த்தது அஜ்மானில் உள்ள இந்தக் கடையில்தான். இன்சுலின் வாங்கியவர், "ஃப்ரிட்ஜ் இல்லாம இது எத்தன நாள் தாங்கும் தம்பி?" என்று கேட்டார். ரூமில் ஃப்ரிட்ஜ் இல்லையா என்றேன். "ரூம் இல்ல. லாஞ்சுலதான் கெடக்கேன்." கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பழைய மர லாஞ்சு ஒன்றுக்கு அவர் காவல். அடியில் ஊறும் நீரை இறைக்க வேண்டும், நீர்மட்டம் ஏறி இறங்கும்போது கயிற்றைத் தளர்த்தி இறுக்க வேண்டும். மின்சாரம் கிடையாது. ஒன்பது ஆண்டுகள் அதிலேயே வாழ்ந்தார்.

கோடையில் மருந்தை எப்படிக் காக்கிறார் என்று பார்க்க ஒருமுறை போயிருந்தேன். மீன் சந்தையில் வாங்கிய ஐஸ் ஒரு பெட்டியில் இருந்தது. மருந்து, துண்டு சுற்றிய டிபன் பாத்திரத்துக்குள் ஐஸைத் தொடாமல் இருந்தது. சுக்கான் அருகிலும் படுக்கையிலும் பம்ப் பக்கத்திலும் பேரீச்சம்பழப் பொட்டலங்கள் தொங்கின. "சுகர் எறங்கி எங்க விழுந்தாலும் கை எட்டணும்லா" என்றார்.

இடையில் அஜ்மானில் இருந்த ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் பேச்சிலர் ரூமுக்கு அழைத்துப் போனார்கள். ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் இருந்தது. பத்தாம் நாள் லாஞ்சுக்கே திரும்பிவிட்டார். யாரையும் குறை சொல்லவில்லை. "அங்க எட்டுப் பேரு டூட்டி முடிஞ்சு வந்த பொறவுதான் சோறு. எனக்கு ஊசி போட்டா அரை மணிக்கூறுல திங்கணும்."

நோயை அர்பாபிடம், அதாவது லாஞ்சின் அரபு முதலாளியிடம், அவர் சொல்லவே இல்லை. தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தார். மகள் அப்போது அவர் அனுப்பும் பணத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

தினமும் மாலையில் சவரக் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது அவர் வழக்கம். கால் மரத்துப்போனவர், முள் குத்தினாலும் தெரியாது. ஒரு வாரம் காய்ச்சலில் அதைப் பார்க்காமல் விட்டிருந்தார். அதற்குள் சிப்பித் துண்டு ஒன்று குதிகாலில் ஏறிப் புண் கறுத்துவிட்டது. கடைக்கு நொண்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "அட்மிட் பண்ணுவான். அர்பாபுக்குத் தெரிஞ்சா கலாஸ், வேல போச்சு" என்று சொல்லி, களிம்பு மட்டும் வாங்கிப் போனார்.

அவர் போனதும் நான் அந்த அரபு முதலாளிக்கு போன் செய்தேன். அவர் அரை மணி நேரத்தில் வண்டியோடு வந்து அண்ணனைத் தானே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கால் தப்பியது, இரண்டு விரல்கள் போயின. புண் ஆறியபின், உடம்பு சரியில்லாத ஆளைத் தனியாக லாஞ்சில் விட முடியாது என்று விசாவை ரத்து செய்தார். கோபமாகப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் அண்ணன் என்னிடம் பேசவில்லை. நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். விமானம் ஏறும் நாளன்று கடைக்கு வந்தார். ஊருக்குக் கொண்டுபோக ஊசிகள் வாங்கினார்.

"நீ செஞ்சது சரிதான். இல்லேன்னா கால் போயிருக்கும்."

நான் மீதிச் சில்லறையை எடுத்துக் கொடுத்தேன்.

"ஆனா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அர்பாபுகிட்ட சொல்லியிருக்கலாம்லா."

மன்னியுங்கள் அண்ணே என்றேன். தலையை ஆட்டினார். அது சரி என்பதற்கா, வேண்டாம் என்பதற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் ஊரில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போனாள். அவருக்கு அவளே ஊசி போட்டதாக போனில் சொன்னாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குறைதான். இப்போதும் நோயை மறைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் கடைக்கு வருகிறார்கள். நிலைமை மோசமானால் நான் இன்றும் போனை எடுப்பேன். ஆனால் அவர்கள் எதிரிலேயே எடுக்கிறேன். யாரிடம், என்ன சொல்லப்போகிறேன் என்று முதலில் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.