முதலாம் பாடம் வாசிக்கும் லீலாபாய்

ஜெயதாசுக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்கும்போது அவரே அதைப் பெருமையாகச் சொல்லுவார். பரிமாறுகிறவரும் சிரித்துக்கொண்டே ஊற்றுவார். ஆனால் அவர் மனைவி லீலாபாய் காலையில் விழுங்கும் சின்ன வெள்ளை மாத்திரை மட்டும் கைப்பையின் உள்ளறையில், திருட்டுச் சாமானைப்போல ஒளிந்திருக்க வேண்டியிருந்தது. சர்க்கரை உடம்புக்கு வருவது, பயமோ விசுவாசம் குறைந்தவர்களுக்கு வருவது என்று யாரோ எப்போதோ பங்கு பிரித்து வைத்துவிட்டார்கள்.

லீலாபாய்க்கு வயது ஐம்பத்திரண்டு. குளத்தூர்ப் பக்கம் கேரள அரசின் அக்ஷயா இணையச் சேவை மையம் ஒன்றில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பென்ஷனுக்குக் கைரேகை பதியாத கிழவர்கள், ஓடிபி வராத பெண்கள், கடைசித் தேதி நேற்றே போய்விட்டதை இன்று அறிந்தவர்கள் என்று ஊரின் பதற்றம் முழுவதும் அவள் மேசைக்குத்தான் வரும். "சாரமில்ல மாமா, விரலைத் துடைச்சிட்டு ஒருக்கக்கூடி வைங்க" என்பாள். அவர்கள் சமாதானமாகப் போய்விடுவார்கள். அவள் மையத்தைப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, பாதி வழியில் நான்காம் தரம் இழுக்கத் திரும்பி வருவாள்.

ஒருநாள் பேருந்தில் மூச்சு முட்டி, கை மரத்து, செத்தே போகிறோம் என்று நினைத்தாள். நெய்யாற்றின்கரையில் எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்தது.

"ஒண்ணுமில்லன்னுதானே பேப்பர் சொல்லுது? வயித்துல கேஸ் ஆக்கும்" என்றார் ஜெயதாஸ்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இதற்கும் பதற்றநோய் என்று பெயர் உண்டு, மருந்து உண்டு, மூச்சுப் பயிற்சி உண்டு என்றார். தன் அவஸ்தைக்கு ஒரு பெயர் இருப்பதில் லீலாபாய்க்கு அன்று பாதி குணமானது.

மீதிப் பாதியைக் கெடுத்தவள் துணைக்குப் போன பிரேமகுமாரி. பக்கத்து வீட்டுக்காரி, பெண்கள் சங்கத் தலைவி, நல்ல மனசுக்காரி, அதுதான் தொந்தரவு. செவ்வாய்க்கிழமை கேட்ட ரகசியத்தைச் சனிக்கிழமை வரைக்கும் காப்பாற்றினாள். சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்புச் சீட்டுகளை வாசித்தார்கள். மூட்டுவலி, விசா, பேரனின் பரீட்சை. அப்புறம், "பயத்தின் கட்டுகளில் அகப்பட்டிருக்கும் நம் சகோதரி லீலாபாய்க்காக." லீலாபாய் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். மற்றவர்கள் எல்லோரும் பக்தியோடு ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து உபதேசம் தொடங்கியது. மெல்லப் பேசினார்கள், பிள்ளைத்தாய்ச்சியைப்போல நாற்காலி இழுத்துப் போட்டார்கள். எதிர்வீட்டு சத்யபாமாவுக்குக் கோவில்தான், சர்ச் இல்லை. ஆனாலும் உபதேசத்தில் பின்தங்காமல், நரம்புக்கு நல்லதென்று பிரம்மி இலையோடு வந்தாள். இவ்வளவு மத ஒற்றுமையை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

லீலாபாய் நேரே பிரேமகுமாரி வீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.

"என் பேரை எதுக்குச் சொன்னே?"

"ஜெபிக்கத்தானே மக்கா சொன்னேன்!"

"ஜெபி. ஆரு வேண்டாம்னா? பேரு சொல்லாம ஜெபி. கர்த்தருக்கு என் அட்ரஸ் தெரியும்."

அத்தோடு போயிருந்தால் அவளும் விட்டிருப்பாள். புதன்கிழமை சபைச் செயலாளர் ஷாஜி மையத்துக்கே வந்தான். அந்தச் சபையில் மாதம் இரண்டு ஞாயிறு மலையாள ஆராதனை, இரண்டு ஞாயிறு தமிழ். ஐந்தாம் ஞாயிறு வந்தால் சண்டை. தமிழ் ஞாயிற்றில் பழைய ஏற்பாட்டுப் பகுதியை, அதாவது முதலாம் பாடத்தை, பதினோரு வருஷமாக லீலாபாய்தான் வாசிக்கிறாள்.

"அக்கா, இந்த ஞாயிறு நான் வாசிச்சுக்கிடுதேன். நீங்க ரெஸ்ட் எடுங்க. டென்ஷனெல்லாம் மாறின பிறகு பாப்போம்."

அவள் எரிச்சலோடு வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். டென்ஷன் மாறின பிறகாம்! அந்த வாசிப்பின் பயம் வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும். சனிக்கிழமை குளியலறையில் நான்கு தரம் வாசித்துப் பார்ப்பாள். பெஞ்சிலிருந்து வேதம் வைத்து வாசிக்கும் பலகை வரைக்கும் பதினான்கு அடி, எண்ணிக்கொண்டே போவாள். இடது கைக்குள் ஸ்கூட்டர் சாவியை அதன் பல் பதியும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி மின்விசிறியைப் பார்த்து முதல் வரியைச் சொல்லுவாள். பதினோரு வருஷத்தில் பயமில்லாமல் வாசித்த ஞாயிறு ஒன்றுகூட இல்லை. அந்தப் பயத்தை யாரும் அவளுக்குச் சுமந்து கொடுக்கவில்லை. தானே சுமந்து, தானே வாசித்தாள். இப்போது அது பெயரோடு வெளியே தெரிந்ததும் தகுதி போய்விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் ஷாஜி எழுந்தான். லீலாபாயும் எழுந்தாள். பதினான்கு அடியில் ஒன்பதாவதில் இருவரும் சந்தித்தார்கள்.

"அக்கா, நான்..."

"ஷாஜி," அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு நெகேமியா மூணாம் அதிகாரம். எருசலேம் மதிலை ஆரெல்லாம் கட்டினாங்கன்னு பேரா எழுதி வச்சிருக்கு. நாப்பது பேருக்குக் குறையாது, அவங்க அப்பன்மாரு பேரு வேற. நீ ஒரு தடவையெங்கிலும் வாசிச்சுப் பாத்தியா?"

ஷாஜி கையிலிருந்த வேதத்தைப் பார்த்தான். சபையைப் பார்த்தான். அவன் நெற்றியில் வேர்வை பொடிந்தது. எந்த டாக்டரிடமும் போகாத, பெயரிடப்படாத, சுத்தமான பயம்.

"நீங்களே வாசிச்சிடுங்க" என்று போய் உட்கார்ந்தான்.

அன்று அவள் சாவியை எடுத்துவரவில்லை என்பது பலகைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பக்கம் புரட்டிய கை ஆடியது. மறைக்க இடமில்லை, மறைக்கவுமில்லை. கடைசி மின்விசிறியைப் பார்த்து ஆரம்பித்தாள். அவன் அருகே இவன் கட்டினான், இவன் அருகே இன்னொருவன் கட்டினான். ஆறுதலாக ஒரு வசனம்கூட இல்லாத அதிகாரம். ஒரு பெயரும் பிசகவில்லை. "இத்துடன் முதலாம் பாடம் முடிகிறது" என்று வேதத்தை மூடினாள்.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது பிரேமகுமாரி அருகே வந்தாள்.

"கை நல்லா நடுங்கி விறைச்சுதே மக்கா."

"விறைக்கத்தான் செய்யும். பதினோரு வருசமா விறைக்குது. நீ இன்னைக்குத்தான் பாத்திருக்கே."