கீறல் இல்லாத ஷாஃப்ட்

என் மனைவியின் காரியம் முடிந்த மறுநாளே ஷெட்டுக்கு வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் வருகிறவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள், அழுகிறேனா என்று. எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருந்தது. சோறு போட்டால் தின்றேன், எழுந்திரு என்றால் எழுந்தேன்.

அந்த நாளில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே ஓடிய மோட்டார் பஸ் ஒன்றில் என் அண்ணன் டிரைவர். அதே முதலாளியிடம் நான் ஃபிட்டர். திருவொற்றியூரில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். என் மனைவிக்கு வலி எடுத்து, பிள்ளை வராமல் ரத்தம் போகத் தொடங்கியபோது, அவளை அசைக்கவே கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ராயபுரத்திலிருந்து டாக்டரம்மாவைக் கூட்டிவர அண்ணன் காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். அவரோடு அவன் திரும்பி வந்தபோது என் மனைவி போய்விட்டிருந்தாள். குழந்தையும் போய்விட்டது.

"போறப்ப வழியில டாப்பெட் ஒட்ஞ்சி ஒரே சத்தம். எங்கயும் நிறுத்தல, அப்டியே ஓட்டிக்கினு போனேன். டாக்டரம்மா வூட்ல இல்ல, அதான் லேட்டாய்ப்போச்சு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். என் மாமியார் அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவ கூடப் பொறந்தவன்கூட இப்டி ஓடமாட்டான்பா" என்றாள்.

டாப்பெட் என்பது விரல் நீள இரும்பு. இன்ஜினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட் அதைத் தள்ள, அது வால்வைத் தூக்கிவிடும். அதன் அடி உடைந்த பிறகும் வண்டியை ஓட்டினால், உடைந்த முனை ஷாஃப்டை உளி மாதிரி செதுக்கிவிடும். அந்தத் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கின் ஈயத்தைத் தின்றுவிடும். பிறகு இன்ஜினைக் காயலான் கடைக்குத்தான் போடவேண்டும்.

முதலாளி வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்தவர். மோட்டாரில் அவருக்கு நன்றாகத் தெரிந்த பாகம் ஹாரன். என்னிடம் துக்கம் கேட்டார். அதே மூச்சில் இன்ஜினுக்கு வந்தார்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா சத்தம் கேட்டா நிறுத்தணும், அதான் நம்ம ஷெட்டு சட்டம். உள்ள ஷாஃப்ட் போயிருந்தா உங்கண்ணனுக்கு இங்க வேல கெடையாது. தொறந்து பாத்து உள்ளத சொல்லு."

அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு நாலு பிள்ளைகள். ஆனாலும், "நிறுத்தல மொதலாளி. போயிருந்தா போயிருக்கட்டும்" என்றான்.

ஷாஃப்ட் எந்த லட்சணத்தில் இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். எனக்காக ஓடியவன் வேலையை நானே பறிப்பதா?

முதலில் ஆயிலை இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். துணியில் தங்கியதைத் தட்டில் வழித்துப் போட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். காந்தத்தில் இரும்புதான் ஒட்டும். ஈயத்தைக் கண்ணால்தான் பிடிக்கவேண்டும். பேரிங் தேய்ந்திருந்தால் ஜரிகைத் தூள் மாதிரி மினுக்கும். ஒன்றும் மினுக்கவில்லை. விரலில் எடுத்துத் தேய்த்தேன், நறநறப்பும் இல்லை. இன்ஜினின் அடிச்சட்டியைக் கழற்றினேன். டாப்பெட்டின் உடைந்த அடி அதில் ஒரே துண்டாகக் கிடந்தது. கண்ணாடித் துண்டைப் பிடித்து மேலே ஷாஃப்டைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பொய் சொல்லும் வேலைகூட மிச்சம். ஆனால் படுத்தபடியே இருந்தேன். உடைந்த டாப்பெட்டோடு அவ்வளவு தூரம் ஓடிய வண்டியில் ஷாஃப்ட் இப்படி இருக்காது.

எழுந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். டாப்பெட்டின் மேல்பாதி ஷாஃப்டில் படாதபடி உயரத் தூக்கி, செப்புக்கம்பியால் வால்வு ஸ்பிரிங்கோடு கட்டப்பட்டிருந்தது. கம்பியின் முனைகள் கையில் குத்தாதபடி உள்பக்கம் மடித்துத் தட்டப்பட்டிருந்தன. எங்கள் ஷெட்டில் அண்ணன் ஒருவன்தான் அப்படி மடிப்பான். நடுவழியில் வண்டியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, முனையை மடிக்கிற அளவுக்கு நிதானமாகக் கட்டி, மூடியைத் திரும்ப முடுக்கிவிட்டு, நாலு சிலிண்டரில் மிச்சமிருந்த மூன்றில் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கம்பியை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"உள்ள சேதாரம் ஒண்ணும் இல்ல மொதலாளி. புது டாப்பெட் போட்டா போதும்" என்றேன். அவர் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தியா! எம்மாந்தூரம் அடிச்சிக்கினு ஓடியும் தாங்கிச்சு. சீமை இரும்புடா!" என்று சிரித்தபடி ஜட்காவில் ஏறிப் போனார்.

அண்ணன் நகரவில்லை. திறந்து கிடந்த மூடியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"டாக்டரம்மா வூட்ல இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"இருந்தாங்க. சொன்னதும் பொட்டிய எடுத்துக்கினு வந்துட்டாங்க."

"அப்பறம்?"

"ஓட்டிக்கினே போயிருந்தா வண்டி நடுவழியில நின்னுருக்கும் நைனா. டாக்டரே வந்திருக்க மாட்டாங்க." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். "இல்லடா. அதெல்லாம் அப்பறமா நெனச்சிக்கினது. சத்தம் கேட்டதும் வேல பூடும்னுதான் நிறுத்தினேன். கொஞ்ச நேரந்தான்டா நின்னேன்."

அவன் முதலில் சொன்னது வண்டிக்காரனின் கணக்கு. அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் கட்டித்தான் ஓட்டியிருப்பேன். இதை எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் உறைக்கவில்லை. அவன் அழ ஆரம்பித்தான். நான் புது டாப்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கவாட்டு மூடி புகைக்குழாய்க்கு அடியில் இருக்கிறது. ஓடி வந்த இன்ஜினில் அங்கே கை வைத்தால் தோல் உரிந்துவிடும். ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்துதான் இருக்கவேண்டும். எவ்வளவு நேரம் என்று ஒரு ஃபிட்டருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.