ஷம்சாத் போட்ட உள்சுவர்

வாயில் ஸ்குரூக்களைக் கவ்வியபடியேதான் பேசுவாள் ஷம்சாத். கேட்பவர்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும். பல்லாவரத்தில் ஆட்டோ சீட்டுக்கு ரெக்சின் தைத்தவள், வேன்களுக்கு உள்பலகை அடிக்கவும் கற்றுக்கொண்டாள். புடவைக்கு மேல் கணவரின் பழைய சட்டை. டீயை ஆறவைத்து, ஒரே மடக்கில் குடிப்பாள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கோடையில் தாம்பரத்து அசரியா அவளைத் தேடி வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் பழைய தகர டிரெய்லர் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். ஒருகாலத்தில் யாரோ அதில் குடியிருந்துகொண்டே ஊர் சுற்றியிருக்கிறார்கள். அதைக் காட்டாங்குளத்தூரில் நிறுத்தி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு டிபன் கடை போட ஆசை. ஆனால் உள்ளே ஏறிய அவர் மனைவி உடனே இறங்கிவிட்டார். "அடுப்புக்குள்ள இன்னொரு அடுப்பா? நான் வரல."

ஷம்சாத் பழைய பலகைகளைக் கழற்றினாள். பின்னால் சூடு தடுக்க அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சு கறுத்துப்போய், எலி நாற்றத்தோடு கொத்துக் கொத்தாய் விழுந்தது. கையெல்லாம் அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி ஏறினாள். தகரத்தை ஒட்டி, சந்து விடாமல் தெர்மோகோல். அடுப்படியில் மட்டும் அஸ்பெஸ்டாஸ் அட்டை. அவற்றின் மேல் புதுப் பிளைவுட் அடித்து மஞ்சள் பெயிண்ட் பூசினாள்.

கல்லூரி திறக்கச் சில நாட்களே இருக்கும்போது மழை கொட்டியது. காலையில் ஜன்னலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"இன்னொரு கோட்டிங் அடிச்சா தெரியாதும்மா" என்றார் அசரியா.

"உனக்குத் தெரியாதுண்ணா. உள்ள ஊறிக்கினே கீதே, எனுக்குத் தெரியுமில்ல?"

தான் அடித்த பலகையைத் தானே நெம்பினாள். அது சத்தத்தோடு விரிசல் விட்டது. கூரை ஓரத்தில் ரிவெட் கழன்ற ஓட்டை. அதை அடைத்துவிட்டு, அசரியாவை ஏணியில் ஏற்றி, வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். உள்ளே அண்ணாந்தே நின்றாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. பிறகுதான் புதுப் பலகை.

வேலை முடிந்த அன்று உச்சிவெயிலில் அசரியாவின் மனைவி தயங்கித் தயங்கி ஏறினார். பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தானையால் விசிறிக்கொள்ளப் போனவர் நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, வெளிய வெயில் போயிடுச்சா?"

ஷம்சாத் மஞ்சள் சுவரில் கன்னத்தைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.