டிக்கெட் வைத்த பக்கம்

என் கணவர் கதைப் புத்தகம் தொடமாட்டார். "இல்லாதவன் செத்துட்டான்னு நான் இன்னாத்துக்கு அழணும்?" என்பார். பாலம் எப்படிக் கட்டினார்கள், காலரா எப்படிப் பரவியது, ரயில் பாதை யார் போட்டது, இப்படி நடந்த சங்கதிகள்தான் அவருக்கு வேண்டும். திருவேற்காட்டில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களுக்குப் பிறந்தவர் அவர். அந்த வீட்டுக்குள் பாடப்புத்தகம் அல்லாத முதல் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்தவரும் அவரே. அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஓய்வு பெற்ற மறு வருஷமே சர்க்கரை அவர் கண்ணில் கைவைத்தது. ஊசி, லேசர் எல்லாம் ஆயிற்று. ஆள் தெரியும், எழுத்து தெரியாது என்ற அளவில் நின்றது. கடைசியாகக் கையில் இருந்தது, இந்த நாட்டை முதன்முதலில் சங்கிலி பிடித்து அளந்தவர்களைப் பற்றிய தடித்த புத்தகம். பாதியில் ஒரு நாள் பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்து மூடினார். "வெளிச்சம் பத்தல" என்றார். அப்போது பகல் பதினோரு மணி. எங்கள் முகப்பேர் பிளாட்டின் பால்கனியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அவருக்குப் பார்வை போனதற்குக்கூட ஒருவாறு பழகிக்கொண்டேன். படிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் அவரைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. எப்படியாவது அவருக்குப் புத்தகம் திரும்பக் கிடைத்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், வந்த இடத்தில் அவர் போனில் ஒலிப்புத்தகங்களை ஏற்றிக் கொடுத்தாள். முதல் புத்தகம் சிறுநீரகம் பற்றியது. படித்தவர் நகைக்கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவராக இருக்க வேண்டும். சிறுநீரகத்தில் கல் இருப்பதை, அது வைரக்கல் என்பதுபோல் சொன்னார். அடுத்தது எந்திரம் படித்தது. "மூச்சே உடமாட்டேங்குறான்" என்று பத்து நிமிஷத்தில் இவருக்கு மூச்சு வாங்கியது. இன்னொன்றில் நோயாளி இறக்கும் இடத்தில் பின்னால் வீணை ஒலித்தது. "செத்தவன் ஊட்ல கச்சேரி வெக்கிறான் பாரு" என்று போனைத் தூர வைத்துவிட்டார். மூன்றும் நல்ல புத்தகங்கள்தான், நானே அவற்றில் ஒன்றைப் படித்திருக்கிறேன். நல்ல அரிசியைக் குழைத்து வைத்த மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

நான்காவதாக, உப்பைப் பற்றிய புத்தகம் ஒன்று. படித்தவர் ஒரு பெண்மணி. குரலில் விசேஷம் ஒன்றுமில்லை, லேசாக ஜலதோஷம்கூட இருந்தது. ஆனால் காலையில் பேப்பரில் பார்த்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது மாதிரிப் படித்தார். வியப்பான இடம் வந்தால் அவருக்கே வியப்பாக இருந்தது. இவர் மூன்று நாள் காதைப் போனுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வைத்த டீ ஆடை கட்டியது.

"அந்தம்மாவோடயே குடும்பம் நடத்துங்க" என்றேன்.

"அந்தம்மா டீ போட்டுக் குடுக்குமா டீச்சர்?" என்றார். கிண்டல் பண்ணும்போது மட்டும் நான் அவருக்கு டீச்சர்.

அந்தம்மா படித்தவை இரண்டே புத்தகங்கள். இரண்டையும் இரண்டு தடவை கேட்டு முடித்தார். பிறகு போன் சார்ஜ் ஏறியபடி மூலையில் கிடந்தது.

நான் தனியார் பள்ளியில் தமிழாசிரியை. இருபது வருஷமாகப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவள். தலைமையாசிரியை அறையில் இருக்கும் கேடயங்களில் பாதி என் தொண்டையால் வந்தவை. டிக்கெட் வைத்த புத்தகத்துக்கு ஒலி வடிவம் எங்கும் இல்லை. 'கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்' என்று நானே களத்தில் இறங்கினேன். டிக்கெட் பக்கத்திலிருந்து தொடங்கி, தினமும் அரை மணி நேரம் படித்து அவர் போனில் பதிந்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். சூப்பரா கீது."

நாலாம் நாள் போனை எடுத்துப் பார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதை அது காட்டிக் கொடுத்தது. முதல் நாள் பன்னிரண்டு நிமிஷம், மறுநாள் ஏழு, நேற்று இரண்டு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வீட்டுப்பாடம் செய்யாமல் செய்தேன் என்கிற பிள்ளைகளையே நான் சும்மா விடுகிறவள் இல்லை.

"பிடிக்கலன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அப்டிலாம் இல்ல. உனுக்குத் தொண்ட கட்டிக்கும். வோணாம், உடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானும் விட்டுவிட்டேன். ஒரு வாரம் எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. வெளியே கோபமாக இருந்தாலும் உள்ளே எனக்கு அழுகைதான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பரிசு வாங்கித் தந்த குரல், கட்டினவருக்கு உதவவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மொச்சை உரித்தபடி, அப்படி என்னதான் குறை என்று என் பதிவை நானே போட்டுக் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் கை நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி மைக் முன்னால் நின்று, மைதானம் நிறைய உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கைதட்டலுக்கு இடம் விட்டிருந்தாள். கேட்கப் போவது பால்கனியில் நாற்காலி போட்டிருக்கும் ஒரே ஒருவர் என்பது அவளுக்குத் தெரிந்ததாகவே இல்லை.

சுவரைப் பிடித்தபடி அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பதிவில் நான், 'ஒரு சாண்கூட இல்லாத வித்தியாசம்' என்று குரல் தழுதழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த எடம் கீது பாரு," என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "ஒரு கோட்டச் சங்கிலியால அளக்குறாங்க. அத வெச்சிக்கினு, கோணம் பாத்துப் பாத்துக் கணக்குப் போட்டுக்கினே அம்மாந் தூரம் போறாங்க. கடைசியா, கணக்கு சரியான்னு அங்க ஒரு கோட்டத் திரும்பவும் சங்கிலி போட்டு அளக்குறாங்க. ஒரு சாண்கூட தப்பல. நான் இங்க சிரிக்கணும். நீ இன்னாடான்னா எழவு ஊட்டுக்கு வந்த மாதிரி படிக்கிற."

"அது சந்தோஷமா வருத்தமான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான் டிக்கெட் பக்கத்துலேர்ந்துதானே ஆரம்பிச்சேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப முன்னாடி பாதி உனுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்?"

"டீச்சராச்சே, எல்லாம் படிச்சிருப்பேன்னு நெனச்சிக்கினேன்." கொஞ்ச நேரம் மொச்சைத் தோலைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். "மொதல்லயே சொல்லிருப்பேன். எனுக்காகப் படிச்சி வெச்சிட்டு ஸ்கூலுக்கு ஓடுற, எப்டிச் சொல்றது? நீ ஒண்ணு பண்ணு. மொதல் பக்கத்துலேர்ந்து படி."

"உங்களுக்குத் தெரிஞ்சதுதானே அது?"

"உனுக்குத் தெரியாதே" என்றார்.

அன்று மாலையே முதல் பக்கத்தைப் பிரித்தேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தேன். மேசையில் போன் தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டிருந்தது, நான் பள்ளியில் இருக்கும்போது திரும்பப் போட்டுக் கேட்பதற்காக. இருபதாம் பக்கத்தில், இரும்புச் சங்கிலிக்கு வெயில் படாமல் கூடாரம் போட்டார்கள் என்று வந்தது. என்னால் மேலே போக முடியவில்லை.

"இரும்புக்கு எதுக்குங்க நிழலு?"

"சூட்டுல இரும்பு நீளும். அளவு தப்பிடும். எங்க கம்பெனில அளவு பாக்குற கருவிங்கள வெக்கிற கேஜ் ரூமுக்கு மட்டும் ஏசி போட்டு வெச்சிருந்தாங்களே, எதுக்கு?"

சித்திரை மாதத்தில்கூட அவர் பையில் ஸ்வெட்டர் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். ஏசி அறை என்று அவர் சொன்னபோது, ஆபீசர்களுக்குச் சொகுசு, இவருக்குக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குளிர் இரும்புக்கு என்பது இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாது. அதைச் சொன்னதும் அவர் அரை மணி நேரம் கேஜ் ரூமைப் பற்றிப் பேசினார். எல்லாம் அந்தப் பதிவில் இருக்கிறது. குக்கர் விசில் இருக்கிறது, கீழே கீரைக்காரம்மா கூப்பிடுவதும் இருக்கிறது. வெட்டிவிடட்டுமா என்றேன். "கெடக்கட்டும்" என்றார்.

புரியாத இடத்தில் நின்று கேட்டேன். புரிந்த இடத்தில் குரல் தானாக இறங்கிவிட்டது. சில நாள் எனக்கே அடுத்த பக்கம் அவசரமாக இருந்தது. ஒரு மதியம் வகுப்பு நடத்தும்போதுகூட, முந்தின நாள் படித்த பக்கத்தில் காய்ச்சலில் கிடந்த அந்த அளவைக்காரன் பிழைத்தானா என்று நினைவு ஓடியது. பேச்சுப் போட்டிப் பிள்ளைகளிடமும், "மனப்பாடம் இருக்கட்டும், இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குச் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்க ஆரம்பித்தேன். அந்த வருஷம் கேடயம் வரவில்லை. போகட்டும்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த இடம் வந்தது. கடைசிக் கோட்டை அளந்துவிட்டார்கள், கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். 'ஒரு சாண்கூட இல்லாத வித்தியாசம்' என்று படித்து முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவரும் தொடையைத் தட்டிச் சிரித்தார். காட்டிலும் மேட்டிலும் அலைந்த மனிதர்கள் ஜெயித்துவிட்டதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். சிரித்து ஓய்ந்தபின் திடீரென்று கேட்டார்.

"இது டிக்கெட்டுக்கு அப்பால வர்ற எடம் ஆச்சே. டிக்கெட்டு எப்ப வந்துது?"

"அதைத் தாண்டி மூணு நாள் ஆச்சுங்க."

அவருடைய கண் நின்றுபோன பக்கம் அது. அங்கே குரல் இடறிவிடக் கூடாது என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அது வந்தபோது பேச்சு சுவாரசியத்தில் டிக்கெட்டை எடுத்துக் கடைசி அட்டையில் செருகிவிட்டு நானும் மேலே போய்விட்டேன்.

கையை நீட்டினார், டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"எழுத்து அழிஞ்சிப்போச்சா, இல்ல எனுக்குத் தெரியலயா?"

வாங்கிப் பார்த்தேன். மெஷினில் அடித்துக் கொடுத்த மெல்லிய சீட்டு. இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது.

"அழிஞ்சு போச்சுங்க. எனக்கும் தெரியல."

"சரி," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேல படி."